ஒலியை எண்ணாக மாற்றியவர்

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கத்தின் சார்பில் விடுதிப் பொதுக்கூடத்தில் ஒரு தமிழ்த் திரைப்படம் காட்டினோம். நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். படம் தொடங்கிப் பத்து நிமிடம் வரை ஒலியே எழாமல் ஊமைப்படமாக ஓடியதையும் அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கும் பொறுப்பாளி நான்தான். பௌதிகம் படிப்பவன் என்ற பெயரால் ஒலிபெருக்கிப் பொறுப்பை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

நடந்தது இதுதான். படத்தட்டை இயக்கும் கருவியில் ஒலியை எந்த முறையில் வெளியே அனுப்புவது என்று கேட்கும் பட்டியல் ஒன்று உண்டு. பி.சி.எம். என்பது ஒன்று, பிட்ஸ்ட்ரீம் என்பது மற்றொன்று. இரண்டாவது பெயர் பெரிதாகத் தோன்றியது. ஐந்து ஒலிபெருக்கிகளும் முழங்கவேண்டும் என்ற ஆசையில் அதையே தேர்ந்தெடுத்தேன். எந்த ஒலிபெருக்கியும் முழங்கவில்லை. கம்பிகளைப் பிடுங்கினேன், மறுபடி செருகினேன். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நகரிலிருந்து குளிரையும் பாராமல் வந்திருந்த முதியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வசனம் காதில் விழுந்தால் போதும், படம் தெரியாவிட்டாலும் குறையில்லை என்று அருகிலிருந்தவரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. தமிழ்ப் பேச்சைக் கேட்கவே வந்தவர் அவர். கடைசியில் முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்து வந்து, பட்டியலில் பி.சி.எம். என்பதை அழுத்தினார். குரல் வந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வெட்கம் ஒரு காரணம். அந்த மூன்றெழுத்து என்ன என்று எனக்கே சரியாகத் தெரியவில்லையே என்பது மற்றொரு காரணம். மறுநாள் நூலகத்துக்குப் போனேன். எழுத்துக்களைத் தேடிப் போனவனுக்கு அங்கே ஒரு மனிதர் கிடைத்தார். அவர் பெயர் அலெக் ஹார்லி ரீவ்ஸ்.

ரீவ்ஸ் 1902ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து ரெட்ஹில் என்னும் ஊரில் பிறந்தார். இலண்டனில் பொறியியல் படித்தார். 1923இல் தொலைபேசிக் கருவிகள் செய்யும் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் இலண்டன் கிளையில் வேலைக்குச் சேர்ந்தார். அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பேச்சை வானொலி வழியே அனுப்பும் முயற்சி அப்போது நடந்துகொண்டிருந்தது. இளைஞரான ரீவ்சும் அதில் பங்கு கொண்டார். 1927ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பொதுமக்கள் பேசும் வழி திறக்கப்பட்டது. மூன்று நிமிடம் பேச 75 டாலர் கட்டணம். அவ்வளவு பணம் கொடுத்தவர்களுக்கும் குரலோடு சேர்ந்து இரைச்சலும் கேட்டது.

அந்த ஆண்டிலேயே ரீவ்ஸ் பாரிசு நகரிலிருந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கு மாற்றப்பட்டார். பத்து ஆண்டுகள் அங்கே அவர் போராடிய பகை ஒன்றுதான், அது இரைச்சல்.

இந்தப் பகையின் இயல்பைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். தொலைபேசிக் கம்பியில் செல்லும் மின்னோட்டம் பேச்சின் அலையை அப்படியே ஒத்து ஏறி இறங்கும். தொலைவு செல்லச்செல்ல அது மெலியும். ஆகவே வழியில் இடையிடையே பெருக்கிகளை வைத்து அதற்கு வலுவூட்டுவார்கள். ஆனால் வழியில் வந்து ஒட்டிக்கொண்ட இரைச்சலையும் பெருக்கி பெருக்கிவிடும். எது குரல், எது இரைச்சல் என்று பிரித்தறிய அதற்கு வழி கிடையாது. பத்தாவது பெருக்கியைத் தாண்டும்போது பத்துப் பகுதிகளின் குறைகளும் ஒன்றாகத் திரண்டு நிற்கும்.

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் உவமை உண்டு. பழைய ஏட்டுச்சுவடி ஒன்றை, எழுத்தறியாத ஒருவன் படம் வரைவதுபோலப் பார்த்து வரைந்தான் என்று கொள்வோம். செல்லரித்த துளையையும் அவன் ஒரு கோடாக எண்ணி வரைவான். அவன் வரைந்ததைப் பார்த்து மற்றொருவன் வரைவான். நாலாவது படியில் எழுத்தே உருத்தெரியாமற் போகும். எழுத்தறிந்தவன் படி எடுத்தால் அப்படி ஆகாது. பாதி தேய்ந்த எழுத்தைக் கண்டு, இது ககரம்தான் என்று உறுதிசெய்துகொண்டு, புதிய ஏட்டில் முழு ககரமாக எழுதுவான். பழைய ஏட்டின் தேய்வு புதிய ஏட்டுக்குச் செல்லாது. அடியோடு சிதைந்த இடத்தில்தான் அவன் தவறுவான்.

1937ஆம் ஆண்டில் ரீவ்சின் உள்ளத்தில் பிறந்த எண்ணம் இதுவே எனலாம். பேச்சின் அலையை அலையாக அனுப்ப வேண்டாம். ஒரு நொடியில் பல ஆயிரம் முறை அந்த அலையின் உயரத்தை அளப்போம். அளந்த உயரத்தை ஓர் எண்ணாக எழுதுவோம். அந்த எண்ணை மின் துடிப்புகளாக மாற்றுவோம். துடிப்பு உண்டு என்றால் ஒன்று. இல்லை என்றால் சுழியம். வழியில் இருக்கும் நிலையம் குரலைப் பற்றி ஒன்றும் அறிய வேண்டியதில்லை. துடிப்பு உண்டா, இல்லையா என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் போதும். உண்டு என்றால் புத்தம்புதிய துடிப்பு ஒன்றை எழுப்பி அனுப்பிவிடும். தேய்வும் இரைச்சலும் அந்த நிலையத்தோடு நின்றுவிடும். இந்த முறைக்குத்தான் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்துப் பி.சி.எம். என்று பெயர். துடிப்புக் குறிப் பண்பேற்றம் என்று தமிழில் சொல்கிறோம்.

இதில் ஓர் இழப்பும் உண்டு. அதை ரீவ்ஸ் மறைக்கவில்லை, தெரிந்தே ஏற்றுக்கொண்டார். என் தந்தையார் விருதுநகரில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறார். ஐந்தொகை எழுதும்போது சில்லறையைத் தள்ளி முழு ரூபாயாக எழுதுவார். அதுபோலவே, அலையின் உயரம் இரண்டு படிகளுக்கு இடையில் விழுந்தால் அருகிலுள்ள படியாகவே கொள்ளவேண்டும். ரீவ்ஸ் முதலில் வகுத்தவை 32 படிகள். ஒரு படியைக் குறிக்க ஐந்து துடிப்பிடங்கள் போதும். இப்படித் தள்ளிய சில்லறை திரும்பி வராது. ஆனால் அந்த இழப்பு ஒரே முறை, தொடக்கத்தில், இவ்வளவுதான் என்று அளவிட்ட இழப்பு. அதன்பின் ஆயிரம் கல் போனாலும் புதிய இழப்பு இல்லை. வழி நெடுகிலும் கணக்கில்லாமல் இழந்துகொண்டே போவதைவிட, புறப்படும் இடத்தில் கணக்கோடு சிறிது இழப்பது மேல் என்று துணிந்தார். இந்தத் துணிவை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது.

1938ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் பிரான்சு நாட்டில் இதற்கான காப்புரிமை மனுவைக் கொடுத்தார். 1942இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் உலகம் அதைக் கையில் எடுக்கவில்லை. காரணம் எளியது. அந்நாளில் இருந்தவை கண்ணாடி வால்வுகள். ஒரே ஒரு பேச்சை எண்ணாக மாற்றவும், மறுமுனையில் எண்ணைப் பேச்சாக மாற்றவும் ஏராளமான வால்வுகள் வேண்டும். அவை சூடேறும்; இடத்தை அடைக்கும்; அடிக்கடி பழுதாகும். பணச் செலவும் பெரிது. எண்ணம் சரியானது, காலம்தான் வரவில்லை.

காலம் வருவதற்குள் போர் வந்துவிட்டது. 1940இல் செருமானியப் படை பாரிசை நெருங்கியபோது, ரீவ்ஸ் அந்நகரைவிட்டுத் தப்பி இங்கிலாந்து சேர்ந்தார். அவர் போரை வெறுத்தவர். ஆயினும் குறி தவறாத தாக்குதல் நடந்தால் ஊர்மக்கள் மாள்வது குறையும் என்று கருதி, விமானங்களை வழிநடத்தும் ஒரு முறையை எப்.இ. சோன்சு என்பவரோடு சேர்ந்து வகுத்தார். அதற்கு ஓபோ என்று பெயர். ஓபோ மேனாட்டு ஊதுகருவி ஒன்றின் பெயர். தரையிலுள்ள ஒரு நிலையம் விமானத்தின் தொலைவைத் துடிப்புகளால் அளந்துகொண்டே இருக்கும். விமானம் வழியைவிட்டு ஒரு பக்கம் விலகினால் விமானியின் காதில் புள்ளிபோல விட்டுவிட்டு ஒலி கேட்கும். மறுபக்கம் விலகினால் கோடுபோல நீண்டு கேட்கும். சரியான வழியில் சென்றால் இடையறாத ஒரே ஒலி கேட்கும். குண்டு விழவேண்டிய நொடியை இரண்டாவது நிலையம் அறிவிக்கும். 1942 டிசம்பரில் அது முதன்முதலாகப் போரில் பயன்பட்டது. குறி தவறாத குண்டும் குண்டுதானே! போரை வெறுத்தவர் இதை எப்படித் தாங்கினார் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. தூய கையோடு வாழ்ந்து முடிக்கப் பேரறிஞர்களுக்கும் சில காலங்கள் இடம் தருவதில்லை.

போர் முடிந்தபின் ரீவ்ஸ் இங்கிலாந்திலேயே தொலைத்தொடர்பு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பணியைத் தொடர்ந்தார். 1947 டிசம்பரில் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வால்வு செய்த வேலையை ஒரு சிறு துண்டுப் பொருள் செய்யத் தொடங்கியது. அவருடைய எண்ணம் காத்திருந்த துணை அதுதான். 1962இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் அந்த முறையை ஊர்க் கம்பிகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நொடிக்கு 8,000 முறை அளந்து, இரண்டு இணைக் கம்பிகளில் 24 பேச்சுகளை ஒருங்கே அனுப்பினார்கள். ஏறத்தாழ 1.8 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் நின்று துடிப்புகளைப் புதுப்பித்தது. பாரிசில் எண்ணம் பிறந்து அப்போது 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. அமெரிக்கக் காப்புரிமைக்கு அந்நாளில் 17 ஆண்டுகளே ஆயுள். 1942இல் கிடைத்த உரிமை 1959இல் முடிந்துபோயிற்று. மரம் காய்த்தபோது நட்டவரின் வேலி இல்லை.

அதற்காக அவர் சோர்ந்து உட்காரவில்லை. அடுத்த கனவுக்குச் சென்றுவிட்டார். கம்பியையும் வானொலியையும் விட்டு, ஒளியின் வழியே செய்தி அனுப்பவேண்டும் என்று தம் கூடத்தில் ஆராய்ச்சியைத் தூண்டினார். அதே கூடத்தில் பணிசெய்த சார்லஸ் காவ், சார்சு ஆக்கம் என்ற இருவரும் 1966இல், தூய கண்ணாடி இழையின் வழியே ஒளியை நெடுந்தொலைவு செலுத்தலாம் என்று காட்டினார்கள். அதற்காகக் காவ் 2009இல் நோபல் பரிசு பெற்றார். ஆவியுலக ஆராய்ச்சியிலும் ரீவ்சுக்கு ஈடுபாடு இருந்தது. அதை நான் ஏற்கமாட்டேன். ஓய்வு நேரத்தில் இளைஞர்களுக்கு ஊக்கமளிப்பதிலும், சிறைப்பட்டோர் திருந்தி வாழ உதவுவதிலும் அவர் ஈடுபட்டார். அதைப் போற்றுகிறேன்.

1969இல் பிரிட்டிசு அரசு அவருக்குச் சி.பி.இ. என்னும் விருதை அளித்தது. அவர் கண்ட முறையின் பெயரைத் தாங்கி ஒரு சில்லிங் அஞ்சல்தலையும் அவ்வாண்டில் வெளிவந்தது. 1971ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் ரீவ்ஸ் மறைந்தார். பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1982இல், இசைக் குறுந்தட்டு கடைக்கு வந்தது. நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாக எழுதிய தட்டு அது. முப்பத்திரண்டு படிகளில் தொடங்கியவர் அந்த இசையைக் கேட்கவில்லை.

இனி நம் கூடத்துப் பெட்டிக்கு வருகிறேன். படத்தட்டில் ஐந்து ஒலிபெருக்கிகளுக்கும் தனித்தனி ஒலிகள் உண்டு. தாழ்ந்த அதிர்வுகளுக்கென்று ஆறாவது ஒன்றும் உண்டு. அவை பெரும்பாலும் டால்பி, டி.டி.எஸ். போன்ற ஏதேனும் ஒரு முறையில் சுருக்கிக் கட்டிய மூட்டையாக இருக்கும். மூட்டையை யார் அவிழ்ப்பது என்பதுதான் பட்டியல் கேட்கும் கேள்வி. பி.சி.எம். என்றால், இயக்கும் கருவியே அவிழ்த்து, ரீவ்சின் எண்களாக அனுப்பும். பிட்ஸ்ட்ரீம் என்றால், மூட்டையை அப்படியே ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அனுப்பும். அவிழ்ப்பது பெட்டியின் பொறுப்பு. நம் தட்டில் இருந்தது டி.டி.எஸ். மூட்டை. நம் பழைய பெட்டிக்கு டால்பி மட்டுமே அவிழ்க்கத் தெரியும். ஆகவே அது வாய்மூடி நின்றது.

இன்னொன்றும் அறிந்தேன். செந்நிற ஒளி வீசும் ஒளியிழை வழியே அவிழ்த்த எண்களை அனுப்பினால் இரண்டு ஒலிகளுக்குத்தான் இடம் உண்டு. அதனால்தான் அன்று குரல் வந்தபோதும் முன்னிரு ஒலிபெருக்கிகளே பேசின. ஐந்தும் பேசவேண்டுமானால், தட்டில் டால்பி ஒலி இருந்தால் அதைத் தேர்ந்துகொண்டு பிட்ஸ்ட்ரீம் வைக்கவேண்டும். எச்.டி.எம்.ஐ. கம்பியை ஏற்கும் புதிய பெருக்கியாக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. அவிழ்த்த எண்கள் எட்டு ஒலிகள் வரை அதில் செல்லும். அங்கே கருவி அவிழ்த்தாலும் பெருக்கி அவிழ்த்தாலும் கேட்கும் ஒலியில் பெரிய வேறுபாடு இராது. பெயர் பெரிதாக இருக்கிறது என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் பிழை. மறுமுனையில் இருப்பவருக்கு எது புரியும் என்று அறிந்து தேர்ந்தெடுப்பதே முறை.

ரீவ்சைப் பற்றி இவ்வளவு நான் தேடிப் படித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. முதுகலைப் படிப்பு இவ்வாண்டோடு முடிகிறது. ஊருக்கு வந்து வங்கித் தேர்வு எழுதும்படி அப்பா சொல்கிறார். நானோ ஆராய்ச்சி செய்ய விரும்புகிறேன். அந்த ஆராய்ச்சியால் யாருக்கு, எப்போது பயன் என்று தொலைபேசியில் அவர் கேட்டபோது என்னால் விடை சொல்ல முடியவில்லை. பொங்கலுக்குப் பின் ஒரு நாள் ரீவ்சின் கதையை அவருக்குச் சொன்னேன். எண்ணம் பிறந்து 25 ஆண்டு காத்திருந்த கதையைப் பெருமையோடு சொன்னேன். கணக்கு எழுதுபவர் அல்லவா! அந்த 25 ஆண்டும் அவர் எதைச் சாப்பிட்டார் என்று ஒரே கேள்வி கேட்டார்.

நான் சிரித்தேன். பிறகு எண்ணிப் பார்த்தேன். கேள்வி நியாயமானது. ரீவ்ஸ் கனவு கண்டுகொண்டே உண்ணாமல் இருந்தவர் அல்லர். ஒவ்வொரு நாளும் தம் வேலைக்குப் போனார். நாளைய எண்ணத்தோடு இன்றைய கடமையையும் செய்தார். அதைத்தான் அப்பாவுக்கு விடையாகச் சொன்னேன். ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேர்வை இந்த ஆண்டு எழுதுகிறேன், கிடைத்தால் தொடர்கிறேன், இரண்டு முறை எழுதியும் கிடைக்காவிட்டால் வங்கித் தேர்வு எழுதுகிறேன் என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, சரி, எழுது என்றார். அவர் குரல் எண்ணாக மாறி, ஒளியாக மாறி, ஈராயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து, ஓர் இரைச்சலும் இல்லாமல் என் காதில் வந்து விழுந்தது. அதில் இருந்த தயக்கமும் தெளிவாகக் கேட்டது.

நம் பொதுக்கூடத்துப் பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். தட்டில் டால்பி ஒலி இருந்தால் பிட்ஸ்ட்ரீம், மற்றவற்றுக்கெல்லாம் பி.சி.எம். என்று அதில் எழுதியிருக்கிறேன். அடுத்த பொங்கலுக்கு நான் இங்கே இருப்பேனோ, விருதுநகரில் இருப்பேனோ, தெரியாது. யார் பொறுப்பேற்றாலும் அந்தத் தாளைக் கிழித்துவிடவேண்டாம். அந்த முதியவர் மறுபடியும் வருவார்.